பச்சை ஊர்

மாரப்பன்புதூரில் சாக்கடைக்கு மூக்கு உண்டு. சிரிக்காதீர்கள். ஆசியாவில் ஏற்றுமதி செய்கிற எல்லா ஊர்களிலும் உண்டு.

பெருங்காய்ச்சல் இரண்டாவது முறையும் உலகத்தைச் சுற்றி வந்தது. துறைமுகங்கள் பூட்டிக் கிடந்தன. கப்பலேறிய பனியன் கட்டுகள் இறங்க இடமில்லாமல் கடலிலேயே மக்கிப்போயின. அதன் பிறகு பன்னிரண்டு நாடுகள் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. இனிமேல் நாட்டைப் பூட்டுவதில்லை, ஊரை மட்டும் பூட்டுவது. சரி, எந்த ஊரில் காய்ச்சல் என்று யார் சொல்வது? மனிதர்கள் பொய் சொல்வார்கள். அரசாங்கங்கள் இன்னும் நன்றாகச் சொல்லும். கழிவறைத் தண்ணீருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று முடிவுகட்டி, தெருவுக்குத் தெரு சாக்கடைக்குள் ஒரு கருவியை இறக்கினார்கள். காய்ச்சல் கிருமியின் துணுக்கு தண்ணீரில் வந்தால் அது கண்டுபிடித்துவிடும். அடுத்த நொடியே கொரியாவின் பூசான் துறைமுகத்திலிருந்து சிங்கப்பூர் வரை செய்தி போய்விடும். நடுவில் எவரும் கை வைக்க முடியாது. அதைத்தான் நாங்கள் மூக்கு என்கிறோம்.

பச்சை என்றால் ஊர்ச் சரக்கு அன்றைக்கே கப்பலேறும். மஞ்சள் என்றால் மூன்று வாரம் துறைமுகத்தில் கிடக்கும். சிவப்பு என்றால் ஊரே கிடக்க வேண்டியதுதான்.

எங்கள் ஊர் ஒன்பது வருடமாகப் பச்சை. வியட்நாமில் ஓர் ஊர் மஞ்சளானால் அதன் ஆர்டர் இங்கே வரும். வங்கதேசத்தில் ஓர் ஊர் சிவப்பானால் இங்கே ஒரு கம்பெனிக்கு இன்னொரு மாடி எழும்பும். அடுத்தவன் ஊர்க் காய்ச்சலில் நாங்கள் கார் வாங்கினோம், மாரியம்மனுக்குக் கோபுரமும் கட்டினோம். ஏற்றுமதியாளர் சங்கத் தலைவர் ஆறுச்சாமி மேடை கிடைத்தால் போதும், “நம்மூருக் கட்டுப்பாடு” என்று ஆரம்பித்துவிடுவார். பெண்கள் அம்மன் கிருபை என்றார்கள். எனக்கு இரண்டிலும் நம்பிக்கை கிடையாது. ஆனால் பச்சையில் வரும் சம்பளத்தை நானும் வாங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

நான் சாந்தாமணி. ஒரு பனியன் கம்பெனியின் பெண்கள் விடுதிக்குப் பொறுப்பாளர். நூற்றைம்பது பெண்கள், எட்டுக் கழிவறை, ஒரு சமையல்கட்டு, நிறையச் சண்டை. வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் எனக்குப் பெயர். நூற்றைம்பது பேரை மேய்க்கிறவளுக்கு வாய் நீளாமல் வேறு எது நீளும்?

அந்தப் புதன்கிழமை காலையில் ஊர் மஞ்சளானது.

முதலாளி குழந்தைவேல் காப்பி கூடக் குடிக்காமல் விடுதிக்கு வந்து நின்றார்.

“ஏனுங்க சாந்தாமணி, நம்ம விடுதிச் சாக்கடையிலிருந்துதான் வருதாமா. ஒம்பது வருசப் பேரு போச்சுங்க.”

“போனது பேருதானுங்களே. ஆளு ஒண்ணும் போகலியே” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பின்னாலேயே நலநிலையத்து வண்டி வந்தது. எல்லாப் பெண்களிடமும் மாதிரி எடுத்தார்கள். மதியத்துக்குள் ஒரே ஒரு பெயர் வந்தது. சஞ்சுக்தா.

ஒடிசாக் கடற்கரைப் பெண். ஏழு வருடமாக எங்கள் விடுதியில் இருக்கிறாள். காலர் தைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வந்தபோது தமிழில் ஒரு சொல் தெரியாது. இப்போது என்னைவிட மரியாதையாக, வாக்கியத்துக்கு ஒரு ‘ங்க’ போட்டுப் பேசுவாள். சஞ்சு என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்குக் காய்ச்சலும் இல்லை, சளியும் இல்லை. தைத்துக்கொண்டிருந்தவளை அப்படியே அழைத்து வந்திருந்தார்கள்.

நலநிலையத்து டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். நேர்மையாகவே சொன்னார்.

“எப்பவோ வந்து போன காய்ச்சலுங்க. குடல்ல துணுக்கு மட்டும் தங்கிப்போயி, எப்பவாச்சும் விட்டு விட்டு வெளிய வருது. சில பேருக்கு வருசக்கணக்கா இருக்கும். இவங்ககிட்ட இருந்து ஒருத்தருக்கும் ஒட்டாது.”

“அப்பறமென்ன கெரகம்?”

“மூக்குக்கு அந்த வித்தியாசம் தெரியாதுங்களே. துணுக்கு வந்தா வந்ததுதான். இவங்க ஊருக்குள்ள இருக்கற வரைக்கும் மஞ்சள். வெள்ளிக்கிழமை காலைல வெளிமுகாமுக்கு வண்டி வரும்.”

வெளிமுகாம் என்பது பைபாஸ் ஓரத்தில் இருக்கும் தகரக் கொட்டகை. பக்கத்து ஊர்கள் வெளியே தள்ளியவர்களை அங்கே பார்த்திருக்கிறேன். முகாமுக்குப் போவதைவிட மோசமானது, போகும்போது அடையாள எண்ணில் விழும் சிவப்புக் குறி. அது விழுந்துவிட்டால் எந்தப் பச்சை ஊரும் உள்ளே விடாது. சஞ்சு தன் சொந்த ஊருக்கும் போக முடியாது. அங்கே இறால் ஏற்றுமதி, அதுவும் பச்சை ஊர்தான். இருபத்தாறு வயசுப் பெண்ணுக்கு இந்தக் கண்டத்தில் கால் வைக்க ஒரு தெரு மிஞ்சாது.

மாலையில் அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“எப்படி புள்ள உனக்கு வந்துச்சு? எங்க போயிட்டு வந்தே?” என்று கத்தினேன்.

“எங்கியும் போகலீங்கக்கா. மூணு வருசம் முன்னாடி இங்கதானுங்க வந்துச்சு. பாதிப்பேரு படுத்துக் கெடந்தமே, ஞாபகமில்லீங்களா? நீங்கதான மிளகு ரசம் வெச்சு ஊத்துனீங்க. நீங்களும் படுத்தீங்களே.”

எப்படி மறப்பேன்? அந்த மழைக்காலத்தில் விடுதியே இருமியது. எனக்கு ஒரு மாதம் சோறு ருசிக்கவில்லை. சீதோஷ்ணக் காய்ச்சல் என்றார்கள், நாங்களும் அப்படியே நம்பினோம். மூக்கு பச்சை காட்டும்போது வேறு பெயர் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

சொல்லிவிட்டு அவள் துணியை மடிக்கத் தொடங்கினாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழுபது பேர் காய்ச்சலில் கிடந்தபோது தூங்கிய மூக்கு, ஒருத்தியின் பழைய துணுக்குக்கு எப்படி விழித்துக்கொண்டது?

மூக்குகளைப் பராமரிக்கிறவன் நவ்ஷாத். நீரேற்று நிலையத்தை ஒட்டி அவனுடைய அறை. படித்த பையன், நல்லவன், இந்த ஊர்க்காரர்கள் தன்னை ஏன் கும்பிடுகிறார்கள் என்று புரியாமல் கூச்சப்படுகிறவன். மறுநாள் காலையில் போய் அவன் முன்னால் உட்கார்ந்தேன். கேட்டதும் ஒன்பது வருட வரைபடத்தைத் திரையில் விரித்தான்.

“எனக்கும் இது உறுத்திக்கிட்டேதான் இருந்துச்சுக்கா. இவ்வளவு சுத்தமா எந்த ஊரும் இருக்காது. சாதாரண வயித்துப்போக்குக் கிருமியாவது வரணும். இதுல ஒண்ணுமே இல்ல. ரெண்டு மாசமாத்தான் மனுசங்க வாழற ஊரு மாதிரி தெரியுது.”

“ரெண்டு மாசமாவா?”

“ஆமா. அதுக்கு முன்னாடி ஊர்ல என்னக்கா நடந்துச்சு?”

இரண்டு மாதத்துக்கு முன்னால் நடந்தது எனக்கு நன்றாகவே தெரியும். லட்டு கொடுத்தார்கள். ஊரிலுள்ள, துணி வெளுக்கும் சலவைப்பட்டறைகளின் தண்ணீரையெல்லாம் தனிக் குழாயில் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்தை ஆறுச்சாமிதான் திறந்து வைத்தார். ஜப்பான் கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள் என்று செய்தது.

அதற்கு முன்பு அந்தத் தண்ணீர் எங்கே போனது? சாக்கடையில்தான். எங்கள் ஊரில் சாயத் தண்ணீரைச் சாக்கடையில் விட எவனும் துணிய மாட்டான். சிவப்பும் நீலமும் ஆற்றில் ஓடினால் அடுத்த ஊர்க்காரன் கேஸ் போடுவான். ஆனால் துணியை வெளுத்த ப்ளீச்சிங் தண்ணீர் நிறமில்லாதது. கண்ணுக்குத் தெரியாததை யாரும் அழுக்கு என்று நினைக்கவில்லை. துணியை வெள்ளையாக்கும் தண்ணீர் எப்படி அழுக்காகும் என்றுதான் ஊரே நினைத்தது. நானும் அப்படித்தான்.

குழாய் விஷயத்தைச் சொன்னதும் நவ்ஷாத் நாற்காலியில் சாய்ந்துவிட்டான்.

“குளோரின்க்கா. கிருமியோட துணுக்கை அது தின்னுரும். மூக்கு மோந்து பாக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சிரும்.”

“அப்ப ஒம்பது வருசமா?”

“நம்மளே மூக்கைப் பொத்திக்கிட்டு இருந்திருக்கோம். யாரும் வேணும்னு செய்யல. ஆனா காய்ச்சல் ஊர்ல வந்து, போயி, மறுபடி வந்திருக்கு. நமக்குத் தெரியல.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு நல்ல காரியம் செய்து மூக்கு திறந்திருக்கிறது. திறந்த மூக்கில் முதலில் அகப்பட்டவள் சஞ்சு. ஊர் பூராவுக்கும் வந்த காய்ச்சலுக்கு அவள் ஒருத்தி ஊரைவிட்டுப் போக வேண்டுமா? போக விட மாட்டேன் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அன்று பிற்பகலே சங்கக் கூட்டம். நவ்ஷாதையும் இழுத்துக்கொண்டு போனேன். முதலாளிகள் எல்லோரும் எழவு வீட்டில் இருப்பதைப் போல உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன்.

“உங்க கட்டுப்பாடும் இல்ல, அம்மன் கிருபையும் இல்லீங்க. ப்ளீச்சிங் தண்ணிதான் ஒம்பது வருசமா இந்த ஊரைப் பச்சையா வெச்சிருந்துச்சு. காய்ச்சல் எல்லாத்து ஊட்டுக்கும் வந்துட்டுத்தான் போயிருக்குது. அந்தப் புள்ளைய மட்டும் புடிச்சு வெளிய தள்ளுறதுக்கு உங்களுக்கு என்ன யோக்கியதை இருக்குது?”

ஆறுச்சாமி நவ்ஷாதைப் பார்த்தார். அவன் ஆமாம் என்று தலையசைத்தான். தலைவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

“அம்மிணி, ஊரையே காப்பாத்திப்போட்டீங்க” என்றார். “எதுனால மஞ்சளாச்சுன்னு தெரியாம ரெண்டு நாளாத் தண்ணி கூட எறங்கலீங்க. இப்பத் தெரிஞ்சு போச்சுல்ல? அந்தக் குழாயை மூடிப்போட்டு, பழையபடி சாக்கடையில விடச் சொல்லீரலாம்.”

நவ்ஷாத் பதறி எழுந்தான். “அது குத்தமுங்க. ஆத்துக்கும் கேடு. மூக்கும்...”

“தம்பி, வெள்ளைத் தண்ணிதான? எவன் கண்ணுக்குத் தெரியப் போகுது? அந்த ஒடிசாப் புள்ளையும் இங்கியே இருக்கட்டும். ஒருத்தரையும் அனுப்ப வேண்டாம். எல்லாருக்கும் நல்லதுதான?”

குற்றம் சொல்லப் போன எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சந்தோஷமாக இருந்தது. சஞ்சு போக வேண்டாம், அது போதும் என்றிருந்தது. விடுதிக்குப் போய் அவள் பெட்டியை நானே அவிழ்த்தேன். வெள்ளிக்கிழமை காலையில் ஊர் பச்சையானது. முகாம் வண்டி வரவில்லை. கோயிலில் கேசரி கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் முத்துப்பேச்சிக்குக் காய்ச்சல் வந்தது.

விருதுநகர்ப் பக்கத்துப் பெண், பத்தொன்பது வயசு, செக்கிங் பிரிவு. முதலில் இருமல். பிறகு பக்கத்துக் கட்டில்காரிக்கும் வந்தது. நாலாம் நாள் பேச்சிக்கு மூச்சு வாங்கியது. ஆட்டோவில் நலநிலையத்துக்குக் கொண்டுபோனேன். பார்த்தவுடனே டாக்டரம்மாவின் முகம் சுருங்கிப்போனது.

“இது அந்தக் காய்ச்சல்தானுங்க. மாத்திரை குடுத்தா ஒரு வாரத்துல எந்திரிச்சிருவா.”

“குடுங்க.”

“எங்கிட்ட இல்லீங்களே. அதோ அந்தக் கிடங்குலதான் இருக்குது. பூட்டு ஒப்பந்தத்தோட பூட்டு, நான் சொன்னாத் தொறக்காது. ஊரு மஞ்சளோ சிவப்போ ஆனாத்தான் அதுவாத் தொறக்கும். பச்சை ஊருக்கு மருந்து குடுக்கறதில்ல.”

“செரி, கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

“எந்த ஊரு ஆஸ்பத்திரியும் வெளியூர்க் காய்ச்சலைச் சேத்திக்காதுங்க. அவங்க மூக்கு மஞ்சளாயிருமே.”

ஜன்னல் வழியாகக் கிடங்கு தெரிந்தது. இருபது அடி தூரத்தில் மருந்து. நடுவில் நாங்களே ஊற்றிய ப்ளீச்சிங் தண்ணீர். என் பொன்னாடை இன்னும் வீட்டுக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

விடுதிக்குத் திரும்பியதும் சஞ்சு வாசலில் நின்றாள். அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது.

“அக்கா, தண்ணிய நிறுத்தச் சொல்லுங்க. மூக்கு மோந்தா மருந்து வருமுங்கல்ல. நான் முகாமுக்குப் போயிக்கறனுங்க.”

“வாயை மூடு. ஒரு புள்ளையக் குடுத்து இன்னொரு புள்ளைய வாங்கறதுக்கு இதென்ன சந்தையா?” என்று சீறினேன். சீறினேனே தவிர, வேறு வழி எனக்கும் தெரியவில்லை. பேச்சியின் மூச்சு கூடம் வரைக்கும் கேட்டது.

மறுபடி நவ்ஷாதிடம் போனேன். அவனே தாடி வளர்ந்து, தூக்கமில்லாத கண்ணோடு உட்கார்ந்திருந்தான். ஒப்பந்தம் முழுவதையும் படித்திருக்கிறான்.

“புகார் எழுதலாம்க்கா. விசாரணைக்கு ஆள் வர ஆறு மாசம் ஆகும். வேற ஒரு வழி இருக்கு. ஊர்க்காரங்க யார் வேணும்னாலும் நலநிலையத்துக்குப் போயி ரத்தச் சோதனைப் பொறியில விரல் வைக்கலாம். யாரும் தடுக்க முடியாது. முடிவு நேரா துறைமுகத்துக்குப் போயிரும். காய்ச்சல் இப்ப இருந்தாலும், முன்னாடி வந்து போயிருந்தாலும் சிவப்பு காட்டும். ஊர்ல பத்துல ஒருத்தருக்குச் சிவப்பு வந்துட்டா அது ஊர் நோய்னு அர்த்தம். ஊரை மூடுவாங்க. ஆனா அப்பவும் அதுக்கப்பறமும் தனி ஆள் மேல குறி விழாது. மருந்துக் கிடங்கு தொறந்துரும். மூடிக் கெடக்கற வரைக்கும் பாதிக் கூலி ஒப்பந்த நிதியிலிருந்து வரும்.”

“பத்துல ஒருத்தர் இல்லாம கொறஞ்சா?”

“அங்கதான் சிக்கல். சிவப்பு வந்த அத்தனை பேருக்கும் குறி விழுந்துரும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கணக்கு முடிஞ்சிரும். அதனாலதான் இதுவரைக்கும் எந்த ஊர்லயும் ஒருத்தரும் நிக்கல.”

எங்கள் ஊரில் பன்னிரண்டாயிரம் பேர். ஆயிரத்து இருநூறு சிவப்பு வேண்டும். காய்ச்சல் ஊரெல்லாம் பரவியிருந்தது, ஆகவே சிவப்புக்குப் பஞ்சமில்லை. விரல் நீட்டத்தான் ஆள் வேண்டும்.

அன்று பகல் முழுக்க நடந்தேன். விடுதி விடுதியாகப் போனேன். டீ இடைவேளையில் கம்பெனி வாசல்களில் நின்றேன். எதையும் மறைக்கவில்லை. நின்றால் என்ன கிடைக்கும், ஆள் குறைந்தால் என்ன ஆகும், இரண்டையும் சொன்னேன். சில பேர் கதவைச் சாத்தினார்கள். பக்கத்து விடுதிப் பொறுப்பாளர் ஸ்டெல்லா, “எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு சாந்தா, என்னை விட்டுரு” என்று அழுதாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அயர்ன் மாஸ்டர் வீரபத்திரன் மட்டும் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“மூணு வருசம் முன்னாடி எம் பொண்டாட்டி செத்தாளுங்க. நெஞ்சு வலின்னு எழுதிக் குடுத்தாங்க. மூச்சு வாங்கித்தான் செத்தா. எனக்குத் தெரியுமுங்க” என்றார். “நான் வாரேன். எங்க பட்டறை ஆளுக எல்லாத்தையும் கூட்டிட்டு வாரேன்.”

மறுநாள் காலை நலநிலைய வாசலில் நான் முதல் ஆளாக நின்றேன். பின்னால் சஞ்சு, அவளுக்குப் பின்னால் எங்கள் விடுதிப் பெண்கள். நடக்க முடிந்தவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். குழந்தைவேல் காரை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

“சாந்தாமணி, விரல் வெச்சீங்கன்னா உங்க வேலை போச்சு. ஊரே மண்ணாப் போயிரும்.”

“வேலை போனாப் போகுதுங்க. இன்னைக்குச் சோலி முடியட்டும், சாவியைக் குடுத்தர்றேன்.”

விரலை வைத்தேன். சுருக்கென்று ஒரு குத்து. சிவப்பு. எதிர்பார்த்ததுதான். இனி ஆள் குறைந்தால் என் பெயரிலும் குறி விழும். சஞ்சு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் சிவப்பு. அடுத்தவளுக்கும் சிவப்பு. வாசலில் இருந்த பலகையில் எண் ஏறத் தொடங்கியது.

பத்து மணிக்கு வீரபத்திரன் தன் ஆட்களோடு வந்தார். பிறகு பீகார்ப் பையன்கள் வந்தார்கள், தேனிப் பெண்கள் வந்தார்கள். மதியத்துக்கு மேல் வரிசை மெலிந்தது. கம்பெனிகள் வாசல் கதவைப் பூட்டிவிட்டதாகச் செய்தி வந்தது. சுவரேறிக் குதித்துச் சில பேர் வந்தார்கள். ஸ்டெல்லாவும் வந்தாள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு. நாலரை மணிக்கு எண் ஆயிரத்துச் சில்லறையில் நின்றுவிட்டது.

வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். தோட்டமும் வீடும் உள்ளவர்கள். சிவப்புக் குறிக்கு அவர்கள்தான் அதிகம் பயந்தார்கள். நான் தெருவைக் கடந்து அவர்களிடம் போனேன்.

“உங்க ஊட்டுல யாருக்கும் இருமல் இல்லீங்களா? நெசமாச் சொல்லுங்க. அந்தப் பொறியில விரல் வெச்சுப்போட்டு இல்லைன்னு சொல்லுங்க, நான் உங்க கால்ல உழுகறேன்.”

தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. சஞ்சுவைத் திரும்பிப் பார்த்தேன். இத்தனை பேருடைய வாழ்க்கையையும் கெடுத்துவிட்டேனோ என்ற பயம் அப்போதுதான் முழுசாகப் பிடித்தது. ஆனால் திரும்பிப் போகவில்லை. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன்.

ஐந்து மணி சுமாருக்குக் கோயில் வீதியிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. முன்னால் வந்தது ஆறுச்சாமியின் மனைவி பூவாத்தாள். பட்டுப் புடவை இல்லை, வீட்டில் கட்டும் சேலை. தோளில் ஒரு பெண் குழந்தை, பேத்தி. குழந்தையின் கன்னம் சிவந்து, வாய் திறந்து, கொறகொறவென்று இழுத்தது.

“நாலு நாளா இப்படித்தான் கெடக்குது” என்றார் என்னிடம். “வெளிய சொல்லக் கூடாதுன்னு அவரு சொல்லிப்போட்டாருங்க. எங்க வீதியில ஆறு ஊட்டுல இருக்குது. எல்லாரும் கமுக்கமா வெச்சிருக்கறாங்க. இனி என்னால முடியாது. எங்க வெரலு வெக்கோணும்?”

நான் காட்டினேன். சிவப்பு. அவருக்குப் பின்னால் மருமகள், பக்கத்து வீட்டுக்காரி, அவள் மாமியார். எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் தெருவைக் கடந்தார். அப்புறம் வரிசை சந்து முனை வரைக்கும் போய்விட்டது. பலகைக்குக் கீழே வந்து நின்ற நவ்ஷாத், ஏறுகிற ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொன்னான். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பலகை முழுக்கச் சிவப்பானது. உள்ளே கிடங்கின் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும் சத்தம் கேட்டது.

டாக்டரம்மா ஓடினார். முதல் மாத்திரை அந்தக் குழந்தைக்கு. இரண்டாவதை நானே கொண்டுபோய் முத்துப்பேச்சியின் வாயில் போட்டேன். பிறகு சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து, சஞ்சு பார்க்கும்படியாகவே ஒரு பாட்டம் அழுதேன்.

ஊர் பூட்டப்பட்டது. தறியும் மெஷினும் நின்றன. ஆர்டர்கள் எங்கெங்கோ போயின. அரைக் கூலியில் ஊரே சலித்துக்கொண்டது. மளிகைக்கடையில் என் காதுபடத் திட்டினார்கள், சில சமயம் நானும் பதிலுக்குத் திட்டினேன். ஆறுச்சாமி என்னைப் பார்த்தால் பாதை மாறிப் போவார். குழந்தைவேல் சாவியைத் திரும்ப வாங்க வரவேயில்லை. விடுதியை வேறு யார் பார்ப்பது? முத்துப்பேச்சி எழுந்து உட்கார்ந்து, கஞ்சியில் உப்பில்லை என்று குறை சொன்னாள். சஞ்சுவின் எண்ணில் குறி விழவில்லை. மூடிய சலவைக் குழாயை மறுபடி திறந்துவிட்டார்கள். எங்கள் மூக்கு மோந்ததை அப்படியே சொன்னது.

இப்படியிருக்க ஒரு நாள் காலையில் என் கைப்பேசி அடித்தது. தெரியாத எண், வெளிநாடு.

“வணக்கம்க்கா. நான் மலேசியாவுல இருந்து பரிமளா பேசுறேன். இங்க ரப்பர் கையுறை செய்யிற கம்பெனியில ஹாஸ்டல் பார்த்துக்கிறேன். உங்க ஊரைப் பத்தி நியூஸ்ல வந்துச்சு, நம்பரைத் தேடிப் புடிச்சேன்.”

“சொல்லு கண்ணு.”

“எங்க ஊரு பதினோரு வருசமா பச்சைக்கா. ரொம்பப் பெருமை எங்களுக்கு. கையுறையக் குளோரின் தண்ணியிலதான் கழுவுவாங்க. அது எங்க போகுதுன்னு நேத்துதான் போய்ப் பார்த்தேன்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “எங்க ஹாஸ்டல்ல மூணு நேப்பாளப் பிள்ளைங்களுக்கு மூச்சு வாங்குது. பத்துல ஒருத்தர்னு சொல்றாங்களே, அது உண்மையாக்கா?”

“உண்மைதான்.”

“கொறஞ்சா எல்லாருக்கும் குறி விழுமா?”

“விழும். நான் பொய் சொல்ல மாட்டேன்.”

“உங்க ஊர்ல மொதல்ல நின்னது யாரு?”

“நான்தான்.”

“பயமா இருந்துச்சா?”

“சாயங்காலம் வரைக்கும் பயமாத்தான் இருந்துச்சு.”

அவளுக்குப் பின்னால் பெண்கள் பேசுவது கேட்டது. தமிழ், மலாய், எனக்குத் தெரியாத இன்னும் இரண்டு மொழிகள். அவள் அவர்களிடம் ஏதோ சொன்னாள். ஒருத்தி ஏதோ கேட்டாள். பிறகு மறுபடி என்னிடம் வந்தாள்.

“சரிக்கா. வரிசைய எத்தனை மணிக்கு ஆரம்பிச்சீங்க?”

“விடிஞ்சதும் ஆரம்பிச்சிருங்க கண்ணு” என்றேன். “கடைசியா வரவங்களுக்கு நேரம் பத்தாமப் போயிரக் கூடாது.”